பறந்து போகும் காரம்

ஜவ்வாது மலை என்றவுடன் நம்மவர் நினைவுக்குச் சந்தன மரமும் தேனும் சாமையும் வருவது இயல்பு. வானசாஸ்திரத்தில் பிரியமுள்ளவர்களுக்குக் கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் காவலூரில் அமைந்திருக்கும் வைணு பாப்பு வானாய்வு நிலையமும், கோடையில் மலையேறும் உல்லாசப் பிரயாணிகளுக்கு ஜமுனாமரத்தூரை அடுத்த பீமன் அருவியும் ஞாபகத்துக்கு வரும். இவற்றின் புகழ் நியாயமானதே. எனினும் மலைச்சரிவுகளிலும் அடிவாரத்து ஓடைக்கரைகளிலும் வருஷந்தோறும் உதிர்ந்து, பொறுக்கப்பட்டு, வெயிலில் உலர்ந்து, மூட்டையாகக் கட்டுண்டு, கீழ்நாட்டு வியாபாரிகளின் கைக்குப் போய்ச் சேர்கிற புங்கங்கொட்டைக்கும் வேப்பங்கொட்டைக்கும் இலுப்பைக்கொட்டைக்கும் அப்படியொரு கீர்த்தி வாய்க்கவில்லை. விளக்கெரித்த காலத்தில் அவற்றுக்கிருந்த மதிப்பு மின்சார விளக்கு வந்தபின் போயிற்று. ஆயினும் அந்தக் கொட்டைகளுக்குள் அடங்கியிருக்கும் ஒரு பதார்த்தத்தை அம்மோனியா என்னும் வாயுவோடு சேர்த்தால் பிறக்கிற உப்பு, ரப்பர் மெத்தை முதல் சுளுக்குத் தைலம் வரையில், தோல் பதனிடுவது முதல் மானை வயலுக்கு வராமல் தடுப்பது வரையில், நாம் எதிர்பாராத பல இடங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது. ‘கொழுப்பு அமிலத்தின் அம்மோனியம் உப்பு’ என்று ரஸாயன நூல்கள் அதைக் குறிப்பிடும். தொழில்துறையில் இருப்பவர்கள் சுருக்கமாக அம்மோனியாச் சோப்பு என்றே சொல்லிவிடுவார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

முதலில் கொழுப்பின் ஸ்வபாவத்தைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெயானாலும் புங்க எண்ணெயானாலும் ஆட்டுக் கொழுப்பானாலும், அதன் அடிப்படை அமைப்பு ஒன்றே: கிளிசரின் என்னும் இனிப்பான திரவத்தின் ஒவ்வொரு அணுக்கூட்டத்தோடும் மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்திருக்கின்றன. எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடுவது அந்த அமிலங்களின் வகையும் விகிதமுமே. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். வேப்பெண்ணெயிலும் புங்க எண்ணெயிலும் ஏறக்குறையப் பாதி ஒலியிக் அமிலம். இலுப்பெண்ணெயில் ஒலியிக் அமிலத்தோடு, அறையின் குளிர்ச்சியிலேயே உறைந்துவிடக்கூடிய பால்மிட்டிக், ஸ்டியரிக் அமிலங்களும் கணிசமாக உண்டு. கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் கூடியது என்ற உண்மையை முதன்முதலாக ஐயந்திரிபற நிரூபித்தவர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரல் என்னும் பிரெஞ்சு ரஸாயன பண்டிதர். 1786-இல் பிறந்து 1889-இல் மறைந்த, நூறாண்டைக் கடந்து வாழ்ந்த அந்தத் தீர்க்காயுசுக்காரர், கொழுப்புகளைப் பற்றிய தம் ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 1823-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அதற்கு முன்பு பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் சோப்புக் காய்ச்சிக்கொண்டிருந்தானே தவிர, தான் என்ன செய்கிறான் என்பது அவனுக்குத் தெரியாது.

கொழுப்பு அமிலத்தோடு ஒரு காரம் சேரும்போது உண்டாகும் உப்புக்குத்தான் சோப்பு என்று பெயர். காஸ்டிக் சோடா சேர்ந்தால் நாம் துணி துவைக்கும் கட்டிச் சோப்பு; பொட்டாஷ் சேர்ந்தால் குழைவான மென்சோப்பு; அம்மோனியா சேர்ந்தால் நம் கட்டுரைப் பொருள். மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. சோப்பின் ஒவ்வோர் அணுக்கூட்டத்துக்கும் ஒரு முனை தண்ணீரை நாடும். மற்றொரு முனை, அதாவது நீண்ட கரிமச் சங்கிலி, எண்ணெயை நாடும். ஆகையால் எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் அது போய் நின்றுகொண்டு, எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக்கித் தண்ணீரில் மிதக்கவைக்கிறது. பால் போன்ற அந்தக் கலவையைக் குழம்பு என்றும் பால்மம் என்றும் சொல்வார்கள்.

இதுவரையில் மூன்றும் ஒரே ஜாதி. வித்தியாசம் இனிமேல்தான். காஸ்டிக் சோடாவும் பொட்டாஷும் வலிய காரங்கள். ஒருமுறை அமிலத்தைப் பற்றிக்கொண்டால் தாமாக விடுவதில்லை. அம்மோனியாவோ பலவீனமான காரம். அதன்மேலும் அது வாயு. கொழுப்பு அமிலமும் பலவீனமான அமிலந்தான். இப்படி இரண்டு பலவீனர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை எத்தனை நாள் நிலைக்கும்? காற்றுப் பட்டு உலர்ந்தாலும் சரி, சற்றே சூடேற்றினாலும் சரி, அம்மோனியா மூக்கைத் துளைக்கும் நெடியோடு பறந்துபோகிறது. பின்னே நிற்பது தண்ணீரில் கரையாத, தண்ணீரை ஒட்டவும் விடாத கொழுப்பு அமிலம் மட்டுமே. இரு குடும்பங்களையும் சேர்த்துவைத்துவிட்டு, பந்தி முடிந்ததும் தாம்பூலத்துக்குக்கூட நில்லாமல் கிளம்பிவிடுகிற கல்யாணத் தரகரைப் போன்றது இந்த அம்மோனியா. சலவைக்காரர் கண்ணுக்கு இது பெருங்குறை. அவருக்கு வேண்டிய சோப்பு வேலை முடியும்வரை சோப்பாகவே இருக்கவேண்டும். ஆனால் எண்ணெயையோ மெழுகையோ தண்ணீரின் துணையால் ஓரிடத்தில் பரப்பி, அது உலர்ந்தபின் மறுபடியும் மழைக்கோ ஈரத்துக்கோ கரையாதபடி நிறுத்தவேண்டும் என்று நினைக்கிற தொழிலாளிக்கு இதைக் காட்டிலும் உகந்த வஸ்து கிடையாது. சோடாச் சோப்பால் பரப்பிய மெழுகின்மேல் தண்ணீர் பட்டால், உள்ளே தங்கியிருக்கும் சோப்பு மறுபடி உயிர்பெற்று மெழுகைக் கழுவிக்கொண்டு போய்விடும். அம்மோனியாச் சோப்பு தன் காரியத்தை முடித்துவிட்டுத் தானும் இல்லாமற் போவதால் அந்த அபாயம் இல்லை. இந்த உப்பின் உபயோகங்களில் பெரும்பாலானவை அதன் நிலையாமையை நம்பியே ஏற்பட்டவை என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

இதற்கு இயற்கையே ஒரு சாட்சியம் வைத்திருந்தது. கேட்கச் சற்று அருவருப்பானது, ஆனால் விலக்கக்கூடாதது. பாரிஸ் நகரின் நடுவே ‘இன்னொசெண்டுகள் கல்லறை’ என்று ஒரு பழைய இடுகாடு இருந்தது. நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கடுக்காகப் பிணங்களைப் புதைத்ததனால் அக்கம்பக்கத்தார் குடியிருக்க முடியாமற்போகவே, 1786-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைத் தோண்டி எலும்புகளை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அப்போது பல உடல்கள் மக்கிப்போகாமல், வெளிறிய மெழுகைப் போன்ற ஒரு பொருளாக மாறியிருந்ததைக் கண்டார்கள். ஃபூர்க்ரா என்னும் ரஸாயன அறிஞர் அதை ஆராய்ந்து, உடலின் கொழுப்பு பிரிந்து உண்டான அமிலமும் சதை அழுகியதில் உண்டான அம்மோனியாவும் மண்ணுக்கடியில் தாமே கூடி உருவாக்கிய சோப்பு அது என்று முடிவு கூறினார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் இப்படிப்பட்ட பிணமெழுகைச் சோதித்தபோது அதில் பெரும்பகுதி வெறும் கொழுப்பு அமிலமாகவே இருக்கக் கண்டார்கள். வந்த விருந்தாளி எப்போதோ போய்விட்டிருந்தான். ஷெவ்ரல் பிறந்ததும் அந்தக் கல்லறை தோண்டப்பட்டதும் ஏறத்தாழ ஒரே காலம் என்பது சரித்திரத்தின் ஒரு விசித்திரம். அவரும் பின்னாளில் இதே பிணமெழுகை ஆராய்ந்தவர்தாம்.

கல்லறையை விட்டு மருந்தறைக்கு வருவோம். கை கால் சுளுக்குக்கும் முதுகுப் பிடிப்புக்கும் தேய்க்கிற ‘வெள்ளை லினிமெண்ட்’ நம்மூர் மருந்துக் கடைகளில் கம்பவுண்டர்கள் கையால் கலந்து கொடுத்த காலம் ஒன்றிருந்தது. பிரிட்டிஷ் மருந்துக் கோவையில் அதற்கு விதித்திருந்த முறை மிகவும் எளியது. 85 மில்லி ஒலியிக் அமிலத்தை 250 மில்லி டர்பென்டைனோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது; 45 மில்லி நீர்த்த அம்மோனியாக் கரைசலை வெதுவெதுப்பான தண்ணீரோடு கலந்து அதில் ஊற்றிக் குலுக்க வேண்டியது; அந்தக் கணமே உள்ளே அம்மோனியம் ஒலியேட் என்னும் சோப்பு உண்டாகி, தண்ணீரோடு ஒருபோதும் சேராத டர்பென்டைனைப் பால்போல ஆக்கிவிடும். பிறகு 12.5 கிராம் நவச்சாரத்தை மீதித் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் தைலத்துக்குரிய தடிப்பு ஏற்படும். கடையிலிருந்து சோப்பு வாங்கிப் போடாமல், புட்டிக்குள்ளேயே சோப்பைப் பிறப்பிக்கிற இந்தத் தந்திரம் எனக்கு எப்போதும் ரசமாகத் தோன்றுவதுண்டு. தோலின்மேல் தேய்த்தவுடன் அம்மோனியா கிளம்பிப்போவதும், அந்த நெடியே நோயாளிக்கு ‘மருந்து வேலை செய்கிறது’ என்ற நம்பிக்கையை ஊட்டுவதும் இதன் உபரி லாபங்கள்.

நம் பாட்டிமார் காலத்துப் பெண்கள் திருவிழாவில் வாங்கி முகத்தில் பூசிக்கொண்ட ‘ஸ்நோ’வும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் காரத்தால் சோப்பாக்கி, எஞ்சிய அமிலத்தை அந்தச் சோப்பின் உதவியால் தண்ணீரில் பரப்பினால், முத்தின் மினுமினுப்போடு கூடிய வெண்களிம்பு கிடைக்கும். பூசினால் தண்ணீர் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அமிலப் படலம் மட்டும் தங்கும். காரமாக ஆரம்பத்தில் அம்மோனியாவையும் பிரயோகித்தவர்கள் உண்டு. ஆனால் அப்படிச் செய்த களிம்பு நாட்பட்டால் மஞ்சளித்துப்போகும். நெடியும் பன்னீர் வாசனையை மீறி எட்டிப்பார்க்கும். ஆகவே உற்பத்தியாளர்கள் பொட்டாஷுக்கு மாறிவிட்டார்கள். அழகு சாதனத்தில் இந்தச் சோப்பு தோற்ற கதை இது.

அது வெற்றிக்கொடி நாட்டிய இடம் ரப்பர். நம் நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறைத் தோட்டங்களிலும், ஒரு தலைமுறைக்கு முன்பு மலாயாவின் எஸ்டேட்டுகளிலும், விடியுமுன் பால்வெட்டுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களுக்கு அம்மோனியாவின் நெடி மிகவும் பழக்கமானது. மரத்தைக் கீறியதும் வடியும் ரப்பர் பாலைச் சும்மா விட்டுவைத்தால் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சில மணி நேரத்திலேயே உறையச் செய்துவிடும். சிரட்டையின் அடியில் ஒட்டுப்பால் மட்டும் மிஞ்சும். அதைத் தடுக்கச் சிரட்டையிலோ வாளியிலோ கொஞ்சம் அம்மோனியாக் கரைசலைச் சேர்ப்பார்கள். தொழிற்சாலையில் பாலைச் சுழலியந்திரத்தில் இட்டு, நூற்றுக்கு அறுபது பங்கு ரப்பர் உள்ளதாகக் கெட்டியாக்கி, அதில் நூற்றுக்கு 0.7 பங்கு அளவில் அம்மோனியாவைச் சேர்த்து நெடுந்தூரம் அனுப்புவார்கள்.

இதில் ஓர் அதிசயம் நிகழ்கிறது. கெட்டியாக்கிய பாலை அன்றைக்கே வேகமாகக் கலக்கினால் அது திரிந்துபோகும். சில வாரங்கள் பீப்பாயில் சும்மா கிடந்தபின் கலக்கினால் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். காரணம் என்னவென்றால், ரப்பர்த் துளிகளைச் சுற்றிலும் இயற்கையிலேயே கொழுப்புச் சம்பந்தமான சில பொருள்கள் போர்த்தியிருக்கின்றன; அம்மோனியா மெல்ல மெல்ல அவற்றைப் பிளந்து கொழுப்பு அமிலங்களை விடுவித்து, அவற்றோடு தானே கூடி அம்மோனியாச் சோப்பாகி, அந்தத் துளிகளின் மேலேயே கவசமாகப் படிகிறது. யாரும் சோப்புப் போடாமலே பாலுக்குள் சோப்பு விளைகிறது! இதைக் கண்டுகொண்ட தொழில் நிபுணர்கள், வாரக்கணக்கில் காத்திருக்க முடியாதபோது, தேங்காய் எண்ணெயிலிருந்து கிடைக்கும் லாரிக் அமிலத்தை அம்மோனியாவில் கரைத்து, அம்மோனியம் லாரேட் என்னும் உப்பாக மிகச் சிறிதளவு சேர்த்துவிடுகிறார்கள். மலாயாவில் பால்வெட்டிய தமிழரின் வாளியிலிருந்த பாலுக்குத் தென்னையின் எண்ணெயே காவல் நின்றது என்று எண்ணிப்பார்க்கையில், உலக வாணிபம் எத்தனை நுட்பமான இழைகளால் பின்னப்பட்டது என்பது விளங்கும்.

ரப்பர் மெத்தையும் சோப்பின் கைவண்ணமே. 1929-இல் பர்மிங்ஹாமில் டன்லப் நிறுவனத்தைச் சேர்ந்த மர்ஃபி என்பவர் ரப்பர் பாலைச் சோப்போடு சேர்த்து நுரைக்க அடித்து, அந்த நுரை அடங்குமுன் உறையவைத்து, வேகவைத்தெடுத்ததே இன்றைய லேடெக்ஸ் மெத்தையின் ஆதி. நுரையை எழுப்பிக் காக்கும் வேலைக்கு ஒலியிக் அமிலத்தின் பொட்டாஷ் சோப்போ அம்மோனியாச் சோப்போ பயன்படுகிறது. வெளிச்சத்தை உள்ளே விடாத திரைச்சீலைகளின் பின்பக்கத்தில் நுரைப்பூச்சு பூசும் ஜவுளி ஆலைகளிலும் இதே நீதிதான். அங்கே அம்மோனியம் ஸ்டியரேட் என்னும் உப்பு நுரையைத் தாங்கிப்பிடித்துவிட்டு, உலர்த்தும் அடுப்பில் அம்மோனியாவை இழந்து, துணியில் வெறும் ஸ்டியரிக் அமிலமாகத் தங்கிவிடுகிறது. சலவைத் தண்ணீரில் பூச்சு கரையாமலிருப்பதற்கு இதுவும் ஒரு துணை.

இனி நம் மலைக்கு நெருங்கிய தொழிலுக்கு வருவோம். ஜவ்வாது மலையின் வடமேற்கு அடிவாரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், இன்னும் சற்றுத் தொலைவில் இராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோலைப் பதனிட்டு, புங்க எண்ணெயைத் தடவி மெருகேற்றிச் சீமைக்கு அனுப்பிய அந்தக் காலத்தில், காடும் மலையும் இல்லாமல் தோல் ஷாப்பு இல்லை. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையை அறிமுகப்படுத்தினார். குரோமால் பதனிட்ட தோல் உலர்ந்தால் விறைத்துப் பலகையாகிவிடும்; அதன் நார்களுக்கிடையே எண்ணெய் புகவேண்டும்; ஆனால் ஈரத் தோலுக்குள் வெறும் எண்ணெய் புகாது. ஆகவே எண்ணெயைச் சோப்பின் உதவியால் பாலாக்கி, வெந்நீரில் விட்டு, சுழலும் பீப்பாயில் தோலோடு சேர்த்து உருட்டுகிறார்கள். பால் உள்ளே புகுகிறது. தோலின் அமிலத்தன்மை பட்டதும் சோப்பு முறிகிறது. எண்ணெய் நாரோடு தங்குகிறது. அம்மோனியாவால் சமனாக்கிய எண்ணெய்ப் பால்கள் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றவை. முறியவேண்டிய இடத்தில் தயங்காமல் முறிகிற சோப்பல்லவா அது! 1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இந்தத் துறையின் ரஸாயனத்தை நம் நாட்டிலேயே வளர்த்த பெருமையுடையது.

கட்டட வேலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். சிமென்டுக் கலவையில் நீர்த்தடுப்பாகச் சேர்க்கும் சில திரவங்களில் அம்மோனியம் ஸ்டியரேட் உண்டு. சிமென்டின் சுண்ணாம்பு அம்மோனியாவைத் துரத்திவிட்டு அமிலத்தைத் தான் பற்றிக்கொண்டு, துளைகளின் உட்புறத்தில் தண்ணீரை வெறுக்கும் மெல்லிய பூச்சாகப் படிகிறது. கலவை போடும்போது கொத்தனார் மூக்கைப் பொத்திக்கொள்வதற்குக் காரணம் அதுவே.

இந்த உப்பை உலர்த்தி, நன்றாகக் காய்ச்சினால் வேறொரு மாற்றமும் உண்டு. அம்மோனியா முழுவதும் தப்பிப்போவதற்குள் அதில் ஒரு பங்கு அமிலத்தோடு நிரந்தரமாகப் பிணைந்து, தண்ணீர் ஒரு பங்கு வெளியேறி, ‘அமைடு’ என்னும் மெழுகுப் பொருளாகிறது. ஒலியிக் அமிலத்தின் அமைடைக் கொஞ்சம் சேர்த்தால்தான் பிளாஸ்டிக் பைகளின் இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலுக்குப் பிரிந்துகொடுக்கின்றன. இதே அமைடைத் தூக்கம் கெடுக்கப்பட்ட பூனைகளின் தண்டுவட நீரில் 1995-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டெடுத்தார்கள்; எலிக்குச் செலுத்தினால் அது உறங்குகிறது. இன்னும் உயர்ந்த வெப்பத்தில் அம்மோனியாவோடு கொழுப்பு அமிலத்தைச் செலுத்தி, படிப்படியாக மாற்றி, துணி மென்மையூட்டிகளும் புண் கழுவும் கிருமிநாசினிகளும் செய்கிறார்கள். அந்த வம்சாவளி மிக நீளமானது. இங்கே அதற்கு இடமில்லை.

ஜமுனாமரத்தூர்க் குடியானவருக்கு மேற்சொன்னவற்றில் எது உதவும் என்று ஒருவர் கேட்டால், எனக்குத் தெரிந்த விடை வயலைப் பற்றியது. காப்புக்காடுகளால் சூழப்பட்ட அந்த மலையூர்களில் சாமைக் கதிர் முற்றும் தருணம் மனிதனுக்கு மட்டுமல்ல, மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் அறுவடைக் காலந்தான். 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி குறித்து வெளியிட்ட ஆணை, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம், ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் சுடலாகாது என்று எல்லை வகுத்தது. காட்டின் மடியிலேயே உழுகிற மலையாளிப் பழங்குடி மக்களின் வயல்களில் பல அந்தக் கடைசி எல்லைக்குள் அடங்கிவிடும். பழைய புடவைகளை வேலியாகக் கட்டுவதும், இரவெல்லாம் பரணில் காவல் இருப்பதும், தகரத்தைத் தட்டுவதுமே அவர்கள் கைவசமுள்ள உபாயங்கள்.

அமெரிக்காவில் உயர்ந்த கொழுப்பு அமிலங்களின் அம்மோனியாச் சோப்பை ‘ஹிண்டர்’ என்னும் பெயரில் பழத்தோட்டங்களிலும் காய்கறிப் பாத்திகளிலும் தெளிக்கிறார்கள். இலையின்மேல் உலர்ந்து, அம்மோனியாவை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டிருக்கும் அந்தப் படலத்தின் நெடி மானையும் முயலையும் விலக்குகிறது. உண்ணும் பயிரின்மேலேயே தெளிக்கக் கூடிய விலங்கு விரட்டிகள் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-இல் சோப்பு உப்புகளை ஆராய்ந்து மறுபதிவுக்கு அனுமதித்தபோது, மண்ணில் நுண்ணுயிர்கள் இவற்றை வெகு விரைவில் சிதைத்துவிடுகின்றன என்று குறித்தது. நீர்வாழ் சிற்றுயிர்களுக்கு இவை நஞ்சு என்பதையும் சேர்த்தே குறித்தது. செய்யாறு உற்பத்தியாகிற மலையில் இந்தப் பிற்பகுதியை மறக்கலாகாது. மேலும், பசி முற்றிய விலங்கு நெடியைப் பொருட்படுத்தாது. ஒரு நல்ல மழை பெய்தால் மறுபடி தெளிக்கவேண்டும். காட்டுப்பன்றியின் விஷயம் வேறு. மானுக்குச் சரிப்படுவது பன்றிக்கும் சரிப்படும் என்று யாராவது விற்க வந்தால் நம்பிவிடக் கூடாது.

இந்தச் சோப்பு ஜாதியில் ஒன்பது கரிம அணுக்கள் மட்டுமே கொண்ட குட்டையான அமிலத்தின் அம்மோனியம் உப்பைக் களைக்கொல்லியாகவும் பிரயோகிக்கிறார்கள். இலையின் மேல்தோலைக் கரைத்து ஈரத்தை வெளியேற்றி, தொட்ட களையை அது கருகச் செய்கிறது, வேரை எட்டுவதில்லை, பயிர், களை என்று பேதம் பார்ப்பதுமில்லை. சங்கிலியின் நீளம் மாறினால் விரட்டி கொல்லியாகிவிடும் என்பதை வாங்குகிறவர் தெரிந்துவைத்திருப்பது நலம்.

நம் விவசாயிகளுக்குச் சோப்பும் எண்ணெயும் புதிதல்ல. வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலக்கிப் பூச்சிக்குத் தெளிப்பதை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறது. அதில் காதி சோப்புக்குப் பதில் அம்மோனியாவை ஊற்றிவிட்டால் போதாதோ என்று ஒருவர் நினைக்கலாம். போதாது. அம்மோனியா பலவீனமான காரமாகையால், கிளிசரினோடு இறுகப் பிணைந்திருக்கும் புதிய எண்ணெயை அதனால் சாதாரணமாகப் பிளக்க முடியாது. பிணைப்பு விட்டு ஏற்கெனவே தனித்து நிற்கும் அமிலத்தோடு மட்டுமே அது கூடும். நாட்பட்ட புங்க எண்ணெயில் அத்தகைய தனி அமிலம் ஓரளவு இருக்கும். மீதியைப் பிரிக்க அழுத்தமேற்றிய நீராவி வேண்டும். அது வீட்டு அடுப்பில் ஆகிற காரியமல்ல. அம்மோனியாவைக் கையாளுகிறவர் காற்றோட்டமான இடத்தில் நிற்கவேண்டும்; பிளீச்சிங் பவுடரோடு அதை எக்காரணத்தைக் கொண்டும் சேர்க்கலாகாது, சேர்த்தால் எழும் புகை நுரையீரலைப் புண்ணாக்கும்.

மலையில் பொறுக்கும் கொட்டை மூட்டையாகவே இறங்கிப்போகிறது. அதன் எண்ணெயைப் பிழிந்து அமிலத்தைப் பிரித்து விற்கும் லாபம் எல்லாம் சமவெளியில் நிற்கிறது. கொட்டையை மலையிலேயே ஆட்டுவதற்குப் பெரிய மூலதனம் வேண்டுவதில்லை. அமிலத்தைப் பிரிக்கும் ஆலை அடிவாரத்தில் ஒன்று இருந்தால் தோல் ஷாப்புகளே அதன் முதல் வாடிக்கைக்காரர்களாக இருக்கும். வயலைப் பொறுத்தவரையில் செய்யவேண்டியது இன்னும் சிறிது. திருவண்ணாமலைக்கு அருகில் அத்தியந்தலில் சிறுதானியங்களுக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மகத்துவ மையம் இருக்கிறது. அந்த மையத்தார் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சாமை வயல்கள் சிலவற்றில், தெளித்த பாத்தியும் தெளிக்காத பாத்தியும் அருகருகே வைத்து, ஒரு பருவம் மான் எதைத் தொடுகிறது, பன்றி எதைத் தொடுகிறது, மழைக்குப் பின் எத்தனை நாள் நெடி நிற்கிறது, ஓடைத் தண்ணீரில் என்ன கலக்கிறது என்று கணக்கெடுத்து, அந்தக் கணக்கை மலைவாழ் விவசாயிகளின் கையில் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.